வெளிநாட்டுக் கூட்டு ஆய்வும் ஆய்விதழ் வெளியீடும்: ஆராய்ச்சி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பி.எச்டி. செய்பவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் என்று வரும் இடங்களில் இந்திய விதிகளைச் சொல்லியிருக்கிறேன். பணமும் நூலகமும் ஓரிடத்திலும், நோயும் நிலமும் மக்களும் வேறிடத்திலும் இருக்கும் சிக்கல் லைபீரியாவிலும் பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் இருப்பதுதான். அதனால் உதாரணங்களை அங்கிருந்தும் எடுத்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் என் கள மாதிரிகளையும் தரவுகளையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அனுப்பலாமா?

உடனே அனுப்பாதீர்கள், மறுத்தும் எழுதாதீர்கள். "சேர்ந்து வேலை செய்ய மகிழ்ச்சி. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம், யார் எதைச் செய்யப்போகிறோம், கட்டுரையை யார் எழுதுவது என்று முதலில் ஒருமுறை பேசிக்கொள்ளலாம்" என்று பதில் போடுங்கள். உண்மையாகவே கூட்டாக வேலை செய்ய நினைப்பவர் அந்த வாரமே நேரம் ஒதுக்குவார். மாதிரி மட்டும் வேண்டும் என்பவர், "முதலில் டேட்டா வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்பார்.

மாதிரியும் தரவும் உங்களிடம் இருக்கும்வரை நீங்கள் பங்காளி. அனுப்பிய மறுநாளிலிருந்து உங்கள் இடம் அவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தது. நாடுகளுக்கே இந்த நிலை வந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் இந்தோனேசியா தன் நோயாளிகளிடம் எடுத்த வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வைரஸை வைத்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிக்கிறது என்றும், அந்தத் தடுப்பூசி தங்கள் மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைக்கும் என்று உறுதி இல்லை என்றும் தெரிந்ததும், 2007இல் மாதிரி அனுப்புவதை நிறுத்தியது. உலகமே அதைத் திட்டியது. ஆனாலும் அதன் விளைவாகத்தான் 2011இல் மாதிரிப் பகிர்வுக்கும் அதன் பலனைப் பகிர்வதற்கும் சேர்த்து ஒரு பன்னாட்டு ஏற்பாடு உருவானது. ஒரு ஆய்வு மாணவரிடம் அரசாங்கத்தின் பலம் கிடையாது. அவரிடம் இருப்பது அனுப்புவதற்கு முன்பு பேசும் வாய்ப்பு ஒன்றுதான்.

"ஹெலிகாப்டர் ஆய்வு" என்கிறார்களே, அது என்ன?

வசதியுள்ள நாட்டு ஆய்வாளர்கள் ஏழை நாட்டில் வந்து இறங்கி, மாதிரி எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆய்வாளர்களைச் சேர்க்காமலோ பெயருக்குச் சேர்த்தோ ஊர் திரும்பிக் கட்டுரை வெளியிடுவது.

அண்மையில் எல்லோரும் பேசியது பிரேசில் டைனோசர் விஷயம். அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள அராரிப்பே படுகையில் கிடைத்த புதைபடிவம் ஒன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ அருங்காட்சியகத்தில் இருந்தது. 2020 டிசம்பரில் அதற்கு 'உபிராஜாரா ஜுபாட்டஸ்' என்று பெயர் சூட்டிக் கட்டுரை வந்தது. ஆசிரியர்களில் ஒரு பிரேசில்காரர்கூட இல்லை. புதைபடிவங்கள் அரசின் உடைமை என்று பிரேசிலில் 1942 முதலே சட்டம் இருக்கிறது. அந்நாட்டுத் தொல்லுயிரியலாளர்களும் மாணவர்களும் சமூக ஊடகத்தில் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2021இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023இல் புதைபடிவம் பிரேசிலுக்கே வந்து சேர்ந்தது. அதைச் சாதித்ததில் பெரும்பங்கு இளம் ஆய்வாளர்களுடையது. நம் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கே வெளியானால் என்ன? அறிவு உலகத்துக்குப் பொதுதானே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. லைபீரியாவில் நடந்ததைச் சொன்னால் விடை தானே கிடைக்கும்.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவி, இரண்டு ஆண்டுகளில் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் லைபீரியாவில் மட்டும் 4,800க்கும் மேல். எபோலா மத்திய ஆப்பிரிக்காவின் நோய், இந்தப் பக்கம் கிடையாது என்பதுதான் அதுவரை பரவலான எண்ணம். காய்ச்சலோடு வந்த முதல் நோயாளிகளைப் பார்த்த செவிலியர்களும் மருத்துவர்களும் அந்த நோயைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. கையுறைகூடச் சரியாக இல்லாத ஆஸ்பத்திரிகளில் அவர்களும் நோய் தொற்றி இறந்தார்கள்.

ஆனால் 1982லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் லைபீரியர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, சிலரிடம் எபோலாவுக்கான எதிர்ப்புப் புரதங்களைக் கண்டிருந்தார்கள். எபோலா நிலைகொண்டுள்ள நாடுகளோடு லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார்கள். கட்டுரை வந்தது ஓர் ஐரோப்பிய இதழில். ஆசிரியர் வரிசையில் லைபீரியர் யாரும் இல்லை. 2015 ஏப்ரலில் லைபீரிய சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் இன்னும் இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் இதை எழுதினார். அப்படி ஒரு எச்சரிக்கை இருந்ததே தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்த வகைக் கட்டுரை ஒன்றைப் பதிவிறக்க 45 டாலர் ஆகும், அது தங்கள் நாட்டு மருத்துவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் என்றும் கணக்குச் சொன்னார்கள்.

அந்த ஜெர்மன் ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. முறைப்படி வெளியிட்டார்கள். கட்டுரை நூலகத்தில் இருந்தது, ரத்தம் கொடுத்த நாட்டில் யார் கைக்கும் வரவில்லை. அந்தக் குழுவில் ஒரு லைபீரிய மருத்துவர் இருந்திருந்தால், தன் பெயர் வந்த கட்டுரையின் பிரதியை அமைச்சகத்துக்கு எடுத்துப் போயிருப்பார், மருத்துவ மாணவர்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார். கொள்ளைநோய் வராமல் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் நோயாளி வந்தபோது ஒருவருக்காவது சந்தேகம் எழுந்திருக்கும். உள்ளூர் ஆசிரியர் வேண்டும் என்று நாம் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. கண்டுபிடித்தது ஊர் திரும்புவதற்கு வேறு வழி இல்லை.

சரி, நல்ல கூட்டு ஆய்வுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டனிலிருந்து காசநோய் ஆய்வாளரான டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் வேண்டும் என்பது வைத்தியம். அத்தனை படுக்கைகளுக்கு இந்தியா எங்கே போகும்? ஆகவே கேள்வி இந்த ஊரின் தேவையிலிருந்து பிறந்தது: வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா?

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மற்றவர்களை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள், சாப்பாடும் குறைவு. ஆனாலும் குணமானோர் விகிதம் இரு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை. 1959இல் முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், மையத்தின் பெயரிலேயே வெளியானது. பிறகு பணக்கார நாடுகளும் சானடோரியங்களை மூடின.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. வெளிநாட்டவர் திரும்பிய பிறகும் நிலைத்து நின்றது. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் ஆய்வக ஊழியர்களும் இங்கேயே இருந்தார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். உங்களிடம் வரும் திட்டத்தைப் பார்த்து இதைக் கேளுங்கள்: பணம் தீர்ந்த பிறகு இங்கே என்ன மிஞ்சும்? கருவியா, பயிற்சி பெற்ற ஆளா, தரவுத் தொகுப்பா? ஒன்றுமே மிஞ்சாது என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டுரையில் என் பெயர் வருமா, நன்றியுரையில் போய்விடுமா? எதை வைத்துத் தீர்மானிப்பது?

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைத்தான் பல துறைகள் பின்பற்றுகின்றன. ஆய்வை வடிவமைத்ததிலோ தரவு திரட்டியதிலோ பகுத்தாய்ந்ததிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்திருந்தால் ஆசிரியர்.

இந்த விதியைக் காட்டியே பலரை வெளியே நிறுத்துகிறார்கள். "நீங்கள் டேட்டாதான் எடுத்தீர்கள், எழுதவில்லையே" என்பார்கள். ஆனால் அதே விதிமுறையில், முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. வரைவையே காட்டாமல் வைத்துவிட்டு, எழுதவில்லை என்று காரணம் சொல்வது விதிமீறல். இந்த வரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள்.

முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், கரஸ்பாண்டிங் ஆதர் (இதழோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர்) என்ற மூன்று இடங்களுக்கும் மதிப்பு அதிகம். பல துறைகளில், அதிகம் உழைத்தவர் முதலிலும் ஆய்வுக்குழுத் தலைவர் கடைசியிலும் வருவார்கள். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசைதான். கூட்டு ஆய்வில் பல கட்டுரைகள் வரும் என்றால், எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர் என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இந்தியப் பக்கத்தார் எப்போதும் நடுவரிசையிலேயே இருந்தால் பத்துக் கட்டுரை வந்தாலும் அவர்களுக்கென்று ஒரு பெயர் உருவாகாது.

கைடு பெயரும் துறைத்தலைவர் பெயரும் போட்டே ஆக வேண்டுமா?

கைடு உண்மையில் வழிகாட்டி, வரைவைத் திருத்தியிருந்தால் அவர் ஆசிரியர்தான். துறைத்தலைவர் என்ற பதவிக்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்ப்பது எந்த விதிமுறையிலும் இல்லை. மாணவரால் இதை எதிர்த்துப் பேசுவது கடினம் என்று அறிவேன். ஒரு வழி இருக்கிறது. இப்போது பல இதழ்கள் 'கிரெடிட்' என்ற முறையில், 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார் என்று எழுதச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை மேசையில் வைத்து, "ஐயா, உங்கள் பெயருக்கு நேரே எதைப் போடட்டும்?" என்று கேளுங்கள். பேச்சு வேறு தொனியில் நடக்கும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பல்கலைக்கழகங்கள் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் விழாவுக்கும் போட்டோவுக்கும்தான் உதவும். உங்களுக்குத் தேவை, உங்கள் திட்டத்துக்கென்று தனியாக ஒன்றிரண்டு பக்கம். மூல தரவு யார் சர்வரில் இருக்கும், அதன் பிரதி உங்களிடம் இருக்குமா, மாதிரியை அவர்கள் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினாலோ மூன்றாம் நபருக்குக் கொடுத்தாலோ உங்களைக் கேட்பார்களா, மிச்சமாகும் மாதிரி திரும்பி வருமா, அழிக்கப்படுமா, ஆசிரியர் வரிசை, வெளியீட்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, காப்புரிமை வந்தால் பங்கு. இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும். மாதிரி வெளியே போவதென்றால் மாதிரியைக் கைமாற்றுவதற்கான ஒப்பந்தமும் தனியே வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியது உங்கள் நிறுவனம், நீங்கள் அல்ல.

வளம் குறைந்த நாடுகளில் ஆய்வு செய்வதற்கான உலகளாவிய நன்னடத்தை விதிகள் 2018இல் வந்தன. 2022இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து கேப் டவுன் அறிக்கை உருவானது. ஒப்பந்தம் பேசும்போது இவற்றைச் சுட்டிக்காட்டுங்கள். எதிர்த் தரப்பினரின் பல்கலைக்கழகமோ நிதி தரும் அமைப்போ இவற்றை ஏற்றிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

அரசு அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

ஆம். இதில் அலட்சியம் கூடாது. வெளிநாட்டு நிதியோ பங்கோ உள்ள மருத்துவ ஆய்வுக்கு உங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி ஒப்புதலும் தேவை. செடி, பூச்சி, நுண்ணுயிர் என்றால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் வரும். தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையம் சென்னையில்தான், தரமணியில் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்ட நிறுவனக் கூட்டு ஆய்வுகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் உங்கள் திட்டம் அதற்குள் வருகிறதா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி தனி. பணம் நேரடியாக உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு வருவதென்றால் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பற்றிய கேள்வியும் எழும், நிர்வாக அலுவலகத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த அனுமதிகளுக்கு மாதங்கள் ஆகும். "பேப்பர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வெளிநாட்டுக் கூட்டாளி சொன்னால் கேட்காதீர்கள். சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது இங்கே இருப்பவர்தான்.

போலி ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டணம் வாங்கிக்கொண்டு, முறையாகச் சரிபார்க்காமல் வெளியிடும் இதழ்தான் போலி ஜர்னல். அழைப்புக் கடிதத்திலேயே தொடங்கலாம். மாணவரை 'மதிப்புமிகு டாக்டர்' என்று விளித்து, உங்கள் பழைய கட்டுரையின் தலைப்பை அப்படியே ஒட்டி, "எங்கள் அடுத்த இதழுக்கு ஒரே ஒரு கட்டுரை குறைகிறது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்று வரும். நீங்கள் வேதியியல், இதழோ மகப்பேறு மருத்துவம். துறை வல்லுநர்கள் கட்டுரையைச் சரிபார்க்கும் பியர் ரிவ்யூ மூன்றே நாளில் முடியும் என்பார்கள். கட்டணம் இணையதளத்தில் இருக்காது, ஏற்பு மின்னஞ்சலுக்குப் பின்னால் வரும். இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் குறிக்கும் 'இம்பேக்ட் ஃபேக்டர்' என்று ஓர் எண் போட்டிருக்கும். அதைக் கொடுத்த அமைப்பின் பெயரை இதற்கு முன் நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள்.

இதழை நடத்தும் ஆசிரியர் குழுவில் (எடிட்டோரியல் போர்டு) உள்ள இருவருக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். தங்கள் பெயர் அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த இதழில் சென்ற ஆண்டு வந்த நான்கு கட்டுரைகளை எடுத்து முழுதாகப் படியுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க (ஓப்பன் ஆக்சஸ்) இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுத்துவைத்திருக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடுங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. அதனால் ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்துக்குள் போய், அங்கிருந்து இதழின் முகவரிக்குச் செல்லுங்கள்; கூகுளில் முதலில் வருவதைச் சொடுக்க வேண்டாம்.

இந்தக் கடைகள் பெருகியதில் இந்தியாவின் பங்கு பெரியது என்பது வருத்தமான உண்மை. 2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக அறிவியல் செய்தியாளர் ஜான் போஹானன், வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் அதிகமானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம், ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஸ்கோபஸில் இருந்தால் பாதுகாப்புதானே?

முழுப் பாதுகாப்பு இல்லை. ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்கள் பல, பட்டியல்களில் நல்ல இடத்தில் இருந்தவைதான். 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அந்தப் பதிப்பகம் திரும்பப் பெற்றது. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கூட்டங்கள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தன. "ஸ்கோபஸ் உத்தரவாதம், இரண்டாம் ஆசிரியர் இடம் இவ்வளவு ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வருபவையும் அதே வியாபாரம். அதில் பெயர் வாங்கியவரின் வேலை, கட்டுரை திரும்பப் பெறப்படும் நாளில் ஆட்டம் காணும்.

யு.ஜி.சி. கேர் பட்டியல் இப்போது உண்டா? பி.எச்டி.க்குக் கட்டுரை கட்டாயமா?

ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வைத்திருந்த கேர் பட்டியல் நிறுத்தப்பட்டுவிட்டது. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அதை அறிவித்து, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது. "யு.ஜி.சி. கேர் இதழ்" என்று இன்றும் விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். அதற்கு முந்தைய பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம் 2022 நவம்பர் விதிமுறையோடு போய்விட்டது. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம். நீங்கள் பதிவு செய்த ஆண்டின் விதிமுறையை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். சீனியர் சொன்னதை நம்ப வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், கட்டாயம் போனது நல்லதே. அவசரத்தில் பணம் கட்டிப் போட்ட கட்டுரைகள் பெருகியதற்கு அந்த விதி ஒரு காரணம்.

வெளியீட்டுக் கட்டணம் கட்ட வசதி இல்லை. என்ன செய்வது?

முதலில் ஒரு தவறான எண்ணம் போக வேண்டும். பணம் கட்டினால்தான் நல்ல இதழில் வரும் என்பது பொய். சந்தா முறையில் நடக்கும் பெரும்பாலான இதழ்களில் ஆசிரியர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்று திறந்த அணுக்கத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டணம். 'நேச்சர்' 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மாதம் 37,000 ரூபாய் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கும் மாணவருக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு உதவித்தொகை. உதவித்தொகையே இல்லாமல் ஆராய்ச்சி செய்பவர்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ பேர்.

ஏழை நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பல பதிப்பகங்கள் கட்டணத்தை விலக்குகின்றன. ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் 'ரிசர்ச் ஃபார் லைஃப்' திட்டத்தின் பட்டியலை வைத்துத்தான் பெரும்பாலும் நாட்டைத் தீர்மானிக்கிறார்கள். அதில் இந்தியா இல்லை. நாட்டின் மொத்தப் பொருளாதாரம் பெரியது என்பதால் மாவட்டக் கல்லூரி மாணவரின் பையில் பணம் வந்துவிடாது. ஆனால் பட்டியல் அப்படிப் பார்ப்பதில்லை. எனவே நாம் தனியாகக் கேட்க வேண்டும். கட்டுரையை அனுப்பும்போதே, அல்லது அதற்கு முன்பே கேளுங்கள். ஏற்ற பிறகு கேட்டால் பல இதழ்கள் பார்ப்பதில்லை. நிதி உதவி ஏதும் இல்லை என்று நான்கு வரியில் எழுதினால் போதும்.

கட்டணமும் இல்லை, படிப்பதற்குத் தடையும் இல்லை என்ற வகை இதழ்களும் உண்டு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களில் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கட்டுரைகள் அகாதமியின் தளத்திலும் கிடைக்கின்றன. லத்தீன் அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. 1997இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் தொடங்கிய 'ஸைலோ', பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் நடத்தும் இதழ்களைப் பொதுப்பணத்தில் இணையத்தில் வைத்தது. பிறகு பல நாடுகள் சேர்ந்தன. இந்தியாவில் அப்படி ஒன்று வளராதது எனக்குத் தீராத ஆதங்கம்.

எனக்குத் தேவையான கட்டுரைகளைப் படிக்கவே முடியவில்லையே?

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசு நடத்தும் 6,300 நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நீங்கள் அரசுக் கல்லூரியில் இருந்தால் நூலகரிடம் போய்ப் பதிவு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் எவ்வளவு பேர் அங்கே படிக்கிறார்கள் என்பதை நினைத்தால் இது பெரிய ஓட்டை.

அதில் இல்லாதவர்கள் கட்டுரையின் ஆசிரியருக்கே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ் போன்ற ப்ரீபிரிண்ட் தளங்களில் அதே கட்டுரையின் முந்தைய வடிவம் இருக்கலாம். உங்கள் கட்டுரையையும் அப்படி வையுங்கள். பதிப்பகம் வடிவமைப்பதற்கு முன்புள்ள ஏற்கப்பட்ட பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன, சில காலம் காத்திருக்கச் சொல்லும். மத்திய அரசின் அறிவியல், உயிர்நுட்பத் துறைகளின் பணத்தில் நடந்த ஆய்வுகளுக்கு 2014 முதல் இதுவே கொள்கை.

இந்திய இதழில் போட்டால் மதிப்புக் குறைவா?

ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் வந்தது இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். அந்தக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயரைத் திருக்கோவிலூருக்குத் தேடிப் போய், தன் நோட்டைக் காட்டியிருந்தார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான். ராமன் தன் கண்டுபிடிப்பை 1928இல் இந்திய இயற்பியல் இதழில் அச்சிட்டு, பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். 'நேச்சர்' இதழுக்கும் குறிப்பு அனுப்பினார். இரண்டையும் செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் முடிவு யாருக்குத் தேவை என்று யோசியுங்கள். காவிரி டெல்டாவின் நெல் நோய் பற்றியது என்றால் வேளாண் அதிகாரிகளும் இந்திய ஆய்வாளர்களும் படிக்கும் நல்ல இதழே சரியான இடம். புதிய கோட்பாடு என்றால் உலகத் துறைவல்லுநர்கள் பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள். வேலைக்கான மதிப்பெண் கணக்கு இதழின் எண்ணைப் பார்க்கிறது என்பது உண்மைதான். அதற்காகச் சிலவற்றை வெளிநாட்டு இதழுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை.

என் ஆங்கிலம் போதாது. ஏ.ஐ. பயன்படுத்தலாமா?

மொழியைச் சீர்செய்யப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, பயன்படுத்தியதைக் குறிப்பிடச் சொல்கின்றன. ஏ.ஐ.யை ஆசிரியராகப் போடக் கூடாது. மேற்கோள்களை அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைகளை எழுதித் தரும்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் படிப்பதற்கும் எழுதுவதற்கும் மிக அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று 2023இல் எட்டு நாடுகளின் 908 ஆய்வாளர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. ஆகவே இது உங்கள் குறை என்று குமைய வேண்டாம். சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் மொழித் திருத்தம் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே போடலாம். நீங்கள் மாதிரி சேகரிக்க வெயிலில் அலைந்ததற்கு ஈடாக அவர் செய்யக்கூடிய நியாயமான வேலை அது.

தெரியாமல் போலி ஜர்னலில் அனுப்பிவிட்டேன். இப்போது?

இன்னும் வெளியாகவில்லை என்றால், திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பி அதைப் பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள். "திரும்பப் பெற இவ்வளவு கட்டணம்" என்று மிரட்டுவார்கள், கட்ட வேண்டாம். வெளியாகிவிட்டால் அதே கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது, அது இரட்டை வெளியீடு. புதிய தரவு, புதிய பகுப்பாய்வோடு வேறு கட்டுரை எழுதி, பழையதையும் அதில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

ஆய்வில் பங்கெடுத்த மக்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறிமுறை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகியவற்றை ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். பல ஆண்டுகளாகத் தங்கள் ரத்தத்தையும் மரபணுவையும் மூலிகை அறிவையும் பலர் எடுத்துப் போன பிறகு கேட்டது.

கட்டுரை வெளியானதும் அதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். ரத்தம் கொடுத்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், தண்ணீர் மாதிரி எடுத்த ஊராட்சிக்கும், மாவட்ட அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஒருவருக்குச் சர்க்கரையோ காசநோயோ இருப்பது சோதனையில் தெரிந்தால் அதை அவரிடம் சொல்லிச் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாட்டை, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதிவிடுங்கள். அச்சுச் செலவும் ஊருக்குப் போய்வரும் செலவும் திட்ட பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கட்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.